குன்னூர்ச் செடியும் களாப்பழ ஜாமும்

கல்யாணமான இரண்டாம் வருடம் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ஈரப் பாசியைச் சுற்றி, ப்ளாக்பெர்ரிச் செடியின் வேர் ஒன்றைக் கொண்டுவந்தேன். அறுபதுகளின் கடைசி அது. குன்னூரில் அப்பா ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் டைப்பிஸ்ட். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு முழுக்க அந்தச் செடி தானாக மண்டிக் கிடக்கும். பறிக்கப் போனால் முள் கையைக் கீறிவிடும். சின்னச் சின்ன மணிகளைச் சேர்த்து ஒட்டியது மாதிரி இருக்கும் பழம், நன்றாகப் பழுத்தால் கன்னங்கரேல் என்று ஆகும். அம்மா அதில் ஜாம் காய்ச்சுவாள். அவள் காய்ச்சுகிற நாட்களில் மூடுபனி ஜன்னல் வழியாக அடுப்படிக்குள் வந்து, பானையிலிருந்து எழும் ஆவியோடு கலந்துவிடும். எது பனி, எது ஆவி என்று தெரியாமல் நான் நடுவில் நின்றுகொண்டிருப்பேன்.

சென்னைக்கு மேற்கே, மணவாள நகரில் என் புகுந்த வீட்டுக்குப் பின்னால் கிணறும் துவைக்கிற கல்லும் இருந்தன. அந்தக் கல்லை ஒட்டி, சுவர் நிழல் விழும் இடத்தில் வேரை ஊன்றினேன். என் கணவர் சர்வே ஆபீசில் வரைபடம் போடுகிறவர். காலை ரயிலுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகலில் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். அத்தை அதிகம் பேசமாட்டார். நான் பேசும் தமிழ் அவருக்கு ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருந்ததாம். அவர் பேசியது எனக்குப் பாதி புரியாது. ஆளுக்கொரு மூலையில் அமைதியாக இருந்தோம். வெயில் நேரத்தில் தெருவே தூங்கும். தூரத்தில் கூட்ஸ் வண்டி போகிற சத்தம் முடியாமல் நீண்டுகொண்டே இருக்கும். நான் செடியைப் பார்த்தபடி கிணற்றடியில் உட்கார்ந்திருப்பேன்.

செடி சாகவில்லை. ஐப்பசி மழையில் கிளைகளை நீளமாக வீசியது. சித்திரையில் இலையெல்லாம் கருகிப் போகும். கோணிச் சாக்கை நனைத்து மேலே போர்த்தி வைப்பேன். மாலையில் சாக்கை எடுத்தால் உள்ளேயிருந்து ஈர மண் வாசனை வரும். அந்த வாசனையில் ஒரு நிமிடம் ஊர் தெரியும், உடனே மறைந்துவிடும்.

கல்யாணமான மூன்றாவது வருடம் மார்கழியில் நல்ல குளிர். ஒரு நாள் காலையில் ஐந்து வெள்ளைப் பூக்கள் இருந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உதிர்ந்துவிடும் என்று ஒரு பயம். நான்கு உதிர்ந்தன. ஒன்று பிஞ்சாகி, மாசியில் ஒரே ஒரு பழமாகக் கறுத்தது. சரியாகத் திரளாமல் ஏழே மணிகள்தான் இருந்தன. இருந்தாலும் பழம்தானே. காம்போடு கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, பாருங்க" என்று கையை நீட்டினேன்.

அவர் பார்த்தார். இரண்டு விரலால் எடுத்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

"புளிக்குது மே" என்றார். பிறகு மறுபடி அரிசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

என் கை நீட்டியபடியே இருந்தது. அவர் மேல் தப்பில்லை. மருமகள் ஓடிவந்து கையில் வைத்து நீட்டினால் தின்னத்தான் கொடுக்கிறாள் என்று யாரும் நினைப்பார்கள். இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்றைக்கு நான் கிணற்றடிக்குப் போய், அழுவது கேட்காமலிருக்க வாளியைக் கிணற்றுக்குள் திரும்பத் திரும்ப விட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை. எப்போதும் பேசாத வீட்டில் பேசாமலிருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது. அவர் மகனைக் கேட்டிருக்கிறார். ராத்திரி நான் சொல்லி அழுததை அவரும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

அடுத்த அமாவாசைக்கு அத்தை வழக்கம்போல் கோயில் குளத்துக்குப் போனார். நோய் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முழங்கால் வலிக்காக அவர் மாதாமாதம் கரைப்பார். அன்றைக்கு ஈரப் புடவையோடு வந்து கிணற்றடியில் நின்று, செடியைப் பார்த்துக்கொண்டே, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அத்துக்கும் சேத்துத்தான் வெல்லம் கரைச்சுக்கினு வந்துகீறேன். காய்க்கும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவருக்குக் குடிக்க மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

செடி காய்க்கவில்லை. அந்தக் கோடையில் கிணறு அடிவரை வற்றியது. குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. வைகாசியில் ஒரு நாள் கிளையை வளைத்துப் பார்த்தேன், பட்டென்று முறிந்தது. உள்ளே பச்சையே இல்லை. அத்தை காய்ந்த கிளைகளை அடுப்புக்கு எடுக்காமல், சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் கணவருக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை. அங்கே தொழிற்பேட்டை வரப் போகிறது, புதர்க்காடுகளை அளந்து படம் போட வேண்டும் என்று தினமும் சென்னைக்கு ஒரு ரயில், அங்கிருந்து வடக்கே இன்னொரு ரயில் என்று போய்வந்தார். ஆனி மாதம் ஒரு சாயங்காலம், சட்டையெல்லாம் புழுதியாக, கையில் பெரிய துணிப்பையோடு வந்தார். பையின் அடியில் கருஞ்சிவப்பாகக் கறை. என் முன்னால் வைத்துப் பிரித்தார். உள்ளே களாப்பழம். கறுப்பாக, உருண்டையாக, சில இன்னும் சிவப்பாக. அவர் முழங்கை வரை முள் கீறிய கோடுகள்.

"உன் ஊர்ப் பழம் இல்ல, தெரியும். எங்க ஊர்ல முள்ளுல கறுப்பா காய்க்கிறது இதான். ஜாம் ஆவுமா பாரு" என்றார்.

நான் ஒன்றை வாயில் போட்டேன். புளிப்பு, அப்புறம் ஒரு இனிப்பு, கடைசியில் நாக்கில் பிசுபிசுப்பாகப் பால். அந்தப் பழத்தை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆகும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாது.

மறுநாள் பகலில் பழத்தைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கூப்பிடாமலே அத்தை எதிரில் வந்து உட்கார்ந்தார். முதலில் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார். இல்லாவிட்டால் பால் ஒட்டி நாளெல்லாம் போகாதாம். பழத்தை அரிவாள்மணையில் பிளந்து கொட்டையை எடுத்தோம். எடுத்துக்கொண்டே அவர் பேசினார். கல்யாணத்துக்கு முன்னால் பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் மாடு மேய்த்தது, மடி நிறைய களாக்காய் பறித்து உப்பு தொட்டுத் தின்றது, பல் கூசிச் சோறு தின்ன முடியாமல் அடி வாங்கியது. மூன்று வருடத்தில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அன்று பேசியதற்கு ஈடாகாது. எனக்கு எல்லாமே புரிந்தது.

ரேஷன் கார்டுக்குக் கிடைத்த அந்த மாதச் சர்க்கரையில் காப்பிக்குக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, மீதி எல்லாவற்றையும் போட்டேன். அடுப்படி முழுக்க ஆவி. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. ஆவிக்கு அந்தப் பக்கம் அத்தையின் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஒரு கணம் அது யாருடைய முகம், எந்த அடுப்படி என்று எனக்குத் தடுமாறிவிட்டது. அம்மா என்று கூப்பிட்டுவிட்டேன். அத்தை "இன்னா" என்றார், அவ்வளவுதான். கரண்டியை வாங்கி அவரே கிண்ட ஆரம்பித்தார்.

என் அம்மா காய்ச்சிய நேரக் கணக்கில் காய்ச்சியதால் ஜாம் இறுகிவிட்டது. களா சீக்கிரம் உறைகிற பழம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறிய பிறகு கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த நிறம்! ஜன்னலில் வைத்த சீசாவின் வழியாக வெயில் பட்டுத் தரையில் சிவப்பாக விழுந்தது. கணவர் கடையில் ரொட்டி வாங்கிவந்தார். எங்கள் தெருவில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்குத்தான். பார்த்தவர்கள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்கள். அத்தை ரொட்டியைத் தொடவில்லை. மோர்ச் சோற்றுக்கு ஜாமைத் தொட்டுக்கொண்டார். இரண்டு வாய் தின்றுவிட்டு, "நல்லாகீது. கொஞ்சம் காரம் போட்டிருக்கலாம்" என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அந்தக் கும்மிடிப்பூண்டிப் புதர்களையெல்லாம் வெட்டிவிடப் போகிறார்கள் என்று, மழை தொடங்கியதும் அவர் நான்கு கன்றுகளை வேர்மண்ணோடு தோண்டிக் கொண்டுவந்தார். பின்பக்க வேலியோரம் நட்டோம். இரண்டு பிழைத்தன. தண்ணீர் கேட்காத செடி. வெயில் ஏற ஏறத்தான் இலை பளபளத்தது. நட்ட நான்காம் வருடம் மாசியில் பூத்தபோது, மல்லிகை மாதிரி வாசனை கொல்லையைத் தாண்டித் தெரு வரை போனது. என் மகள் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பூவைப் பிடிக்கப் போய் முள் குத்தி அழுதாள். அழுகை நின்றதும் மறுபடி போனாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆனியிலும் காய்ச்சினோம். எப்போது இறக்குவது என்று கை கற்றுக்கொண்டது. ஒரு சீசாவில் அத்தைக்கென்று மிளகாய்த்தூள் கலந்து வைப்பேன். ஒரு வருடம் விடாத மழையில் பழமெல்லாம் வெடித்துவிட்டது, ஜாமுக்குத் தேறவில்லை. அன்று மூன்று பேரும் குழந்தையும் வேலியோரமாகவே நின்றுகொண்டு, வெடித்த பழங்களைப் பறித்துப் பறித்துத் தின்றோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.