சுவரைத் தட்டினால் தறி நிற்கும்

மின்விசிறி நின்றது. ஷட்டர் பாதி இறங்கியது. ஏஞ்சல் நாற்காலியில் இருந்தபடியே பின்சுவரை இரண்டு முறை தட்டினார். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது.

"இப்போ சொல்லும்மா. மைக்க பாக்காத. அத்தயப் பாரு."

எதிரே ஸ்டூலில் இருந்த பெண், அங்கே இல்லாத அத்தையைப் பார்த்தாள்.

செவிலிமேட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரில் இருக்கிறது கடை. ஜெராக்ஸ், மின்கட்டணம், பட்டா நகல், ரயில் டிக்கெட் என்று பலகையில் எழுதியிருக்கும். ஏஞ்சலைத் தேடி ஆட்கள் வருவது இவற்றுக்காக அல்ல. கல்யாணம் நிச்சயமான வீடுகளுக்கு அவர் 'சேவ் த டேட்' செய்து கொடுக்கிறார். பத்திரிகை அச்சாவதற்கு முன்பே, இந்த நாளை எங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று உறவுக்காரர்களின் போனுக்குப் போகும் அட்டை. காஞ்சிபுரத்தில் இப்போது பலரும் செய்கிறார்கள். பூ, இரண்டு பெயர்கள், ஒரு தேதி. ஏஞ்சலின் அட்டையோடு ஒரு குரலும் போகும். கல்யாணப் பெண்ணோ மாப்பிள்ளையோ ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டு, தேதியைத் தன் வாயால் சொல்ல வேண்டும். எத்தனை உறவோ அத்தனை முறை. ஒரே குரலை எல்லோருக்கும் அனுப்பச் சொன்னால் ஏஞ்சல் கணினியை அணைத்துவிடுவார்.

முதலில் அவரும் வெறும் அட்டைதான் செய்தார். ஓரிக்கையில் கீரை விற்கும் ஒரு அம்மாவுக்கு அப்படி ஒரு அட்டை போயிருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஏதோ புடவைக்கடை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார். தம்பி மகன் கல்யாணத்துக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்று வருத்தப்பட்டு, கல்யாண நாளன்று கீரை விற்றுக்கொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் குரல் வந்தது. அதே அம்மா இப்போது, வேறொரு கல்யாணத்துக்காக வந்த குரலைக் கீரை வாங்க வருபவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார். "எங்கண்ணம் பொண்ணு என்ன எப்டிக் கூப்புடுது பாரு" என்று என்னிடமும் போனை நீட்டினார். நான் அவருக்குத் தெரிந்தவன் அல்ல.

ஒலிப்பதிவுக்கு என்று தனி அறை இல்லை. கடையின் பின்பாதிதான். அங்கே சுவர் முழுக்கப் பட்டுப்புடவை வைக்கும் அட்டைப்பெட்டிகளைத் திறந்தபடி ஒட்டி, மேலே பழைய போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறார். எதிரொலி வராது. காற்றும் வராது. பெண்ணும் வியர்ப்பாள், ஏஞ்சலும் வியர்ப்பார். ஹெட்போனின் ஒரு பக்கம் எப்போதோ உடைந்துவிட்டது. மறுபக்கத்தை ரப்பர் பேண்டால் காதோடு கட்டிக்கொள்கிறார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொறிக்காமல் அவரைப் பார்ப்பது அரிது. ஹெட்போனைக் கட்டியதும் வாயில் இருப்பதைக்கூட மெல்லாமல் அப்படியே வைத்திருப்பார்.

ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போய் ஜெபம் செய்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார். அட்டைகளின் தலையில் போட அவரிடம் எல்லாத் தெய்வமும் உண்டு. காமாட்சி, கச்சபேஸ்வரர், மாகறல் ஈஸ்வரர், வேளாங்கண்ணி மாதா. "எல்லா சாமியும் ஒரே ஃபோல்டர்லதான் இருக்குது. ஒரு சண்ட இல்ல பாரு" என்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பரமசிவத்தின் தறி. முகூர்த்தப் புடவை நெய்பவர். இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும், ஒரு தட்டு என்றால் ஓட்டலாம். இது அவர்களுக்குள் ஏற்பாடு. அட்டைகளின் ஓரத்தில் வரும் ருத்திராட்சக் கரைகூட அவர் தறியில் இருந்த புடவையைப் போனில் படமெடுத்துப் போட்டதுதான். "ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணிவச்சிட்ட. எம்பொடவதான் முடிய மாட்டேங்குது" என்று பரமசிவம் சுவர் வழியாகச் சொல்வார். ஆனால் தட்டிய பிறகு ஒருமுறைகூடத் தறியைத் தொட்டதில்லை.

அன்று ஸ்டூலில் இருந்த பெண் பிரவீனா. தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அப்பா வீரபத்திரன் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மாப்பிள்ளை விக்ரமுக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. அவன் தன் பங்கைப் போன வாரமே போனில் சொல்லி அனுப்பிவிட்டான். முதலில் இயந்திரச் சத்தம், பிறகு கேன்டீன் தட்டுச் சத்தம். ஏஞ்சல் விடவில்லை. கடைசியில் கம்பெனி பஸ்ஸில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். "ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரி சொல்றியேப்பா, உன் சித்தப்பாதானே?" என்று அதையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

பிரவீனாவின் அம்மா செல்லியம்மாள் ஜெராக்ஸ் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, அடுத்தது யார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுப் பத்திர நகலுக்காக நான் முன்பக்கம் காத்திருந்தேன். நடுவில் தொங்குவது இன்னொரு போர்வைதான், அதுவும் ஓரம் விலகித் திரை தெரிந்தது. எல்லாம் கேட்டது.

பிரவீனா நன்றாகப் பேசினாள். அத்தையைக் கிண்டல் செய்தாள். மாகறல் பெரியப்பாவிடம் முட்டி வலிக்கு மாத்திரை போடுகிறாரா என்று விசாரித்தாள். ஆனால் "மே இருபத்துநாலு" என்று வரும்போது குரல் உள்ளே போய்விட்டது. ஏஞ்சல் திரும்பச் சொல்லச் சொன்னார். அடுத்த முறையும் போனது.

"வெக்கம் அதுக்கு" என்றார் செல்லியம்மாள்.

"வெக்கம்னா பேரச் சொல்லும்போது வரும்மா. தேதிக்கு எதுக்கு வெக்கம்?"

கணினித் திரையில் குரல் பச்சைக் கோடாக ஓடும். பெரியப்பா என்ற இடத்தில் மேடு. விக்ரம் என்ற இடத்தில் மேடு. தேதி வந்த இடங்களில் எல்லாம் கோடு தரையோடு படுத்திருந்தது. ஏஞ்சல் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, தொண்டைக்கு இதமாக ஒரு டீ வாங்கி வரும்படி செல்லியம்மாளை அனுப்பினார். விசிறியைப் போடவில்லை. சுவரைத் தட்டவும் இல்லை.

என்ன விஷயம் என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. பிரவீனா பிறந்த தேதியைச் சொல்லச் சொன்னார். கணீரென்று சொன்னாள். விக்ரம் பிறந்த தேதி. அதுவும் அப்படியே. பிறகு மே இருபத்துநாலு. அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஏஞ்சல் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பேருந்து ஒன்று வந்து, நின்று, போனது. அந்தப் பக்கம் தறியும் காத்திருந்தது. ஒரு தேதியை இவ்வளவு நேரம் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அன்னிக்கி எனக்கு எக்ஸாம்கா" என்றாள் பிரவீனா. "கவர்மென்ட் நர்ஸ் போஸ்டிங்குக்கு. இங்க நாள் குறிச்சப்புறம்தான் எக்ஸாம் தேதிய வுட்டாங்க."

மீதியை மெதுவாகச் சொன்னாள். போன முறை கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. அந்தத் தேர்வு நினைத்தபோதெல்லாம் வருவதில்லை. விக்ரமிடம் சொல்லியிருக்கிறாள். தனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நாளை மாற்றுவது என்றால் உன் அப்பா என் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்றிருக்கிறான். அப்பாவிடம்தான் அவளால் சொல்ல முடியவில்லை. மண்டபம் பிடித்தாயிற்று. சம்மந்தி வீட்டில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து நாள் குறித்துவிட்டு வந்தவர். போன முறை தேர்ச்சி இல்லை என்றானதும், "போதும்பா, அது படிச்சது" என்று அவர் யாரிடமோ போனில் சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது.

ஏஞ்சல் கல்யாண அட்டையைத் திரையில் திறந்து இன்னொரு பிரதி எடுத்தார். அதில் விக்ரம் பெயரை அழித்தார். மண்டபத்தை அழித்தார். ருத்திராட்சக் கரையை விட்டுவைத்தார். பூவையும் விட்டுவைத்தார். காலியான இடத்தில் தட்டினார். பிரவீனா. மே 24, ஞாயிறு. அரசு செவிலியர் தேர்வு.

"இதுக்கு யாரக் கூப்புடுவ?"

பிரவீனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவ."

"அப்போ அப்பாவப் பாரு. மைக்க பாக்காத."

அவள் ஸ்டூலைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா. மே இருபத்துநாலு எனக்கு எக்ஸாம்பா. அந்த நாள எனக்காக வச்சிக்கோ."

திரையில் கோடு எழுந்ததை நானும் பார்த்தேன்.

அனுப்புவதற்கு ஏஞ்சல் விரலை வைக்கவில்லை. போனை அவள் பக்கம் நகர்த்தினார். "நான் செய்யறது அட்ட மட்டும்தான். அமுக்குறது நீ." பிரவீனா அமுக்கினாள். ஒரு டிக் விழுந்தது, பிறகு இன்னொன்று. நீலமாகவில்லை. லாரி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார் என்றாள்.

செல்லியம்மாள் டீயுடன் வந்தார். தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு இது போதும் என்று ஏஞ்சல் சொன்னார். அம்மாவிடம் வழியில் தானே சொல்லிக்கொள்வதாகப் பிரவீனா கண்ணால் காட்டினாள். அவர்கள் போன பிறகு ஏஞ்சல் சுவரை ஒரு முறை தட்டினார். தறி ஓடியது. வாயில் வைத்திருந்த மல்லாட்டையை அப்போதுதான் மென்றார்.

நான் பத்திர நகலை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் தலைகீழாக விழுந்திருந்தது. நாளைக்கு வாங்க சார், வேறு எடுத்து வைக்கிறேன் என்றார்.

மறுநாள் காலை மின்சாரம் இல்லை. முற்பகலில் வந்தது. நகலை வாங்கப் போனபோது கடை வாசலில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வீரபத்திரன் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். போனை மேசைமேல் வைத்தார். மகளின் அட்டை திறந்திருந்தது.

சம்மந்திக்கு ஒரு குரல் அனுப்ப வேண்டும் என்றார் வீரபத்திரன். "நேரா போன் பண்ணா நடுவுல அவரு பேசுவாரு, நான் பேசுவேன், சண்டையாப் பூடும். நான் சொல்றத அவரு முழுசாக் கேக்கணும். அதுக்கப்புறம் அவரு ஊட்டுக்குப் போறேன்."

ஏஞ்சல் விசிறியை நிறுத்தினார். ஷட்டரைப் பாதி இறக்கினார். சுவரை இரண்டு முறை தட்டினார். வீரபத்திரன் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை முட்டியின் மேல் வைத்துக்கொண்டார்.

"சம்மந்தி, நான் வீரபத்திரன் பேசுறேன். மே இருபத்துநாலு எம்பொண்ணுக்குப் பரீட்ச. அந்த நாள அதுக்கு வுட்டுடுவோம். கல்யாணத்துக்கு வேற நாள் பாப்போம். மன்னிக்கணும்."

அவர் நிறுத்திய பிறகு ஒரு இருமல் வந்தது. அதுவும் பதிவானது. வெளியே லாரி சொட்டும் சத்தமும் இருந்தது. ஏஞ்சல் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. போனை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அமுக்கினார்.

கல்யாண அட்டைக்குப் புதுத் தேதி என்னவென்று ஏஞ்சல் கேட்டார்.

"எம்பொண்ணு வந்து சொல்லும்" என்றார் வீரபத்திரன்.

ஏஞ்சல் அட்டையைத் திறந்து தேதியை மட்டும் அழித்தார். என் பத்திர நகலை எடுத்துக் கொடுத்தார். சுவரை ஒரு முறை தட்டினார்.