பேருக்குத் தலைவர்

அமுதவள்ளியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. எழுத வேறு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் இருவரும் ஒரே வகுப்பு. நான் சுபலட்சுமி, வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அவள் நரிக்குடிப் பக்கத்துக் காலனித் தெருவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஐந்து பேர் ஆடினோம் என்பது பேச்சுக்கு. ஆடியவள் அவள். மற்ற நால்வரும் அவளுக்கு வழிவிட்டோம், அதையும் ஒழுங்காகச் செய்ததில்லை. ஆனால் கேப்டன் நான். "கப்பு வாங்க மேடையேறுறவ பாக்க லெச்சணமா இருக்கணும்ல" என்றார் பி.டி. சார். அந்த லெச்சணத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாவட்ட இறுதி ஆட்டத்தில் ஒரு பாயின்ட் முன்னால் இருந்தோம், இரண்டு நிமிடம் மிச்சம். பந்து கைக்கு வந்தால் முப்பது நொடிக்குள் கூடையைப் பார்த்து எறிய வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த மண் மைதானத்தில் அதை எண்ணக் கடிகாரமும் இல்லை, ஆளும் இல்லை. சார் அவளைக் கூப்பிட்டு, "எறியாத. தட்டிக்கிட்டே ஓடு, நேரம் போகட்டும்" என்றார். எதிரணி மொத்தமும் துரத்த, பந்தைத் தட்டியபடி மூலைக்கு மூலை வளைந்து ஓடினாள். கடைசி விசில் அடித்தபோதும் பந்து அவள் கையில்தான் இருந்தது. கோப்பையை நான் வாங்கினேன். பேப்பரில் என் படம் வந்தது.

கல்யாணமாகித் திருச்சுழியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை போட்டேன். அவளுக்கு ஊரிலேயே கல்யாணம். நூறு நாள் வேலை, கரிமூட்டத்துக்கு விறகு வெட்டு. 2019 கடைசியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, அவர்கள் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. படித்தவள் என்று தெருக்காரர்கள் அவளை நிறுத்தினார்கள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நம்பி மேலத்தெருவும் ஓட்டுப் போட்டது.

துணைத் தலைவர் ரங்கராஜ் மேலத்தெருக்காரர், தோட்டமும் மோட்டாரும் உள்ளவர். முதல் கூட்டத்திலேயே தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார். அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

எனக்குக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "நாக்காலி கெடக்கட்டும் சுபா. எங்க தெருவுக்குக் கொழாத் தண்ணி வந்துட்டாப் போதும்" என்றாள். அவள் தெரு அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குப் பெண்கள் ரங்கராஜ் தோட்டத்தில் குடத்தோடு நிற்க வேண்டும். அவர்கள் மோட்டார் போட்டால் உண்டு, போடாவிட்டால் வெறுங்குடம்.

கிராம சபையில் மல்லுக்கட்டிக் குழாய் போடத் தீர்மானம் நிறைவேற்றினாள். மேலிருந்து அனுமதியும் வாங்கிவிட்டாள். ஆனால் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ரங்கராஜ் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த வாரம் பார்ப்போம் என்பார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பார். சொந்தக்காரர் வீட்டில் எழவு என்பார். இப்படியே மூன்று கோடை போனது.

"இது நம்ம சாரு சொல்லிக்குடுத்த ஆட்டம்தான்" என்றாள் ஒருநாள், மனு அடிக்க வந்தபோது. "பந்தை வச்சுக்கிட்டு நேரத்த ஓட்டுறாரு. எண்ணுறதுக்கு ஆளில்ல." சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

எண்ணுவதற்கு ஆள் தேடித்தான் மனு மேல் மனு போட்டாள். எல்லாம் என் கடையில் அடித்தவை. 2024 நடுவில் ஒருவழியாக விசாரணை வைத்தார்கள். ரங்கராஜ் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று உறுதியானால், அவருடைய கையெழுத்து அதிகாரத்தை எடுத்து ஓர் அதிகாரியிடம் கொடுத்துவிடலாம். குழாய் வந்துவிடும். அதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

சாட்சி நான்தான். விசாரணைக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் ரங்கராஜ் என் கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்றபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். "நான் எதுக்குப் போடுறேன் கையெழுத்து? அவ காலம் ஓடட்டும். கொழா போட்டுக் குடுத்துட்டா நாளைக்கு நம்ம தோட்டத்துப் பக்கம் எவ வருவா?" என்னை அவர் ஒளித்துப் பேச வேண்டிய ஆளாக நினைக்கவில்லை. நானே அதை அமுதவள்ளியிடம் சொன்னேன், பெரிய உபகாரம் செய்வதுபோல.

"விசாரணைக்கு வாரியா சுபா? நீ காதால கேட்டத மட்டும் சொல்லு, போதும்" என்றாள்.

"எங் கடைக்கு வாரதுல பாதி அவுக ஆளுக அமுதா. நான் இங்கன பொழைக்கணுமே" என்றேன்.

அவள் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. "செரி" என்று சொல்லிக் காகிதங்களைப் பைக்குள் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புகாருக்கு ஆதாரம் இல்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். 2025 ஜனவரி ஐந்தோடு பதவிக்காலமும் முடிந்தது. ரங்கராஜுக்கும்தான் பதவி போனது, ஆனால் மோட்டார் அவர் தோட்டத்தில் அப்படியே இருக்கிறது. காலனிப் பெண்கள் இன்னும் அங்கேதான் குடத்தோடு நிற்கிறார்கள். முன்னாள் தலைவரும் அந்த வரிசையில் நிற்கிறாள்.

அவள் மனுப் போடுவதை விடவில்லை. நரிக்குடி பஸ் என் கடைக்கு எதிரில்தான் நிற்கும். ஜன்னலோரம் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். மனு அடிக்க இப்போது அருப்புக்கோட்டைக்குப் போகிறாள்.