வலிக்காதுட்டி

ஊசி போடும் முன்னும், கட்டுப் பிரிக்கும் முன்னும் பொம்மையை வைத்துக் குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்வது ஆஸ்பத்திரியில் என் வேலை. இன்று அவர்கள் காகிதம் ஒட்டி விளையாட மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் கோவில்பட்டி வீட்டு வாடை அடித்தது.

அங்கே வீட்டோடு தீப்பெட்டி ஒட்டுவோம். பூச்சி அரிக்காமல் இருக்க அம்மா பசையில் மயில்துத்தம் போடுவாள். எங்கள் நகக்கண்ணெல்லாம் நீலமாக இருக்கும். ஒருநாள் கொதிக்கிற பசை தங்கச்சி செல்வியின் கையில் கொட்டிவிட்டது. அம்மா பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது துணி புண்ணோடு ஒட்டியிருந்தது.

யார் சொல்லியும் செல்வி கையை நீட்டவில்லை. அப்பா என்னைத் தனியே இழுத்தார்.

"ஏட்டி, நீ சொன்னாத்தான் கேப்பா. வலிக்காதுன்னு சொல்லு."

"வலிக்காதுட்டி, நான் இருக்கேம்லா" என்றேன். உடனே நீட்டிவிட்டாள்.

நர்சு துணியை உரிக்க உரிக்க, செல்வி அலறிக்கொண்டே என்னைத்தான் பார்த்தாள்.

போன மாதம் செல்விக்கு ஆபரேஷன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

இன்று வார்டில் பசையைக் கீழே வைத்ததும் ஒரு குரல்.

"அக்கா, கட்டுப் பிரிச்சா வலிக்குமா?"

கையில் தீப்புண்ணோடு வந்திருக்கும் சிறுமி கேட்டாள். அவளுடைய அம்மா, சொல்லாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

"வலிக்கும்" என்றேன்.

சிறுமி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவளாக நீட்டட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.