பக்கத்துக் காம்பரா

பந்தலூர் பக்கம், இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு எஸ்டேட் வீடு ஒதுக்கிய அலுவலகத்தில் ஒரு கிளார்க் இருந்தார். மப்ளர் சுற்றிய ஒல்லி மனிதர். குடும்ப அட்டைகளை மேசையில் தட்டித் தட்டி ஓரம் சேர்ப்பது அவர் பழக்கம். அட்டை வரிசைப்படிதான் வீடு. அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த நான் அவற்றை அகர வரிசையில் அடுக்கியிருந்தேன்; அவர் பொறுமையாகக் கலைத்தார்.

“ஏனுங்க, இதுல என்னங்க தப்பு?”

“பேரு வரிசை நாம தேடறதுக்குங்க. அவங்க குடியிருக்கோணுமே” என்றவர், எதிரே நின்ற பெண்ணைக் கேட்டார்: “அங்க சிலோன்ல, லைன் வீட்டுல உங்க பக்கத்துக் காம்பராவுல யாரும்மா இருந்தாங்க?”

“ராக்காயி அக்காங்க. அவங்களுக்கு இன்னும் பாஸ்போட் வரலைங்க ஐயா.”

அவள் அட்டைக்கு அடுத்து ஒரு வெற்று அட்டையைச் செருகி, ஓரம் தட்டினார்.

நான் மாற்றலாகிப் போகும்வரை அந்த வெற்று அட்டைக்கு விழுந்த வீடு பூட்டியே இருந்தது. யார் வந்து கேட்டாலும், “அதுல ஆளு இருக்குதுங்க” என்பார்.