தரைக்கடியில் மஞ்சள் சிம்

தரைக்குக் கீழே மூன்றாவது தளத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். மேலே ஏழு மாடிக் கடைத்தொகுதி. வாங்க வருகிறவர்களின் கார்கள் சரிவில் சுற்றிச் சுற்றி இறங்கி வந்து அவளிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகும். திரும்பும்போது மறுபக்க ஜன்னலில் டோக்கனைக் கொடுத்துக் கட்டணம் கட்டவேண்டும். அவள் பொத்தானை அமுக்கினால்தான் தடுப்புக் கட்டை மேலே ஏறும். அவள் எழுந்து போனால் உள்ளே இருப்பவன் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவன் உள்ளே வர முடியாது. அதனால் அவளை எழுந்து போகவே விடுவதில்லை. மத்தியானம் ஒரு மணிக்குப் பதினைந்து நிமிஷம் மாற்று ஆள் வருவான். கக்கூஸும் சாப்பாடும் அதற்குள். கக்கூஸில் வரிசை இருந்தால் சாப்பாடு அரைவயிறு.

எல்லோரும் அவளை டோக்கனக்கா என்பார்கள். வயது நாற்பத்து மூன்று. பார்த்தால் ஐம்பத்தைந்து சொல்லலாம். வெயில் படாத உடம்பு ஊறப்போட்ட துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெளியே மழையா வெயிலா என்பதுகூட அவளுக்கு இறங்கி வருகிற கார்களின் டயரைப் பார்த்துத்தான் தெரியும். காலையில் இருட்டு விலகுமுன் இறங்குவாள், பொழுது சாய்ந்தபின் ஏறுவாள். எலிக்காவது இரண்டு வாசல்.

இந்த நிலையில் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் உதவியாள் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். ஒரு நாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்தாள். தரைத்தளத்தில் அறை, மூன்று ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மரம். மரத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதிப் புத்தி போய்விட்டது.

ஆபீஸ் அம்மாள் ஃபாரத்தை நீட்டி, கறாராகச் சொல்லிவிட்டாள்: "திங்கள்ல இருந்து புதனுக்குள்ள கூப்பிடுவோம். பத்துல இருந்து நாலு மணிக்குள்ளதான். ரெண்டு தடவை அடிப்போம். எடுக்கலைன்னா அடுத்த பேருக்குப் போயிருவோம், அப்புறம் வந்து அழக்கூடாது."

அங்கேதான் சிக்கல். அவள் கையில் இருந்தது சிவப்புக் கம்பெனிப் போன். புருஷன் ஏதோ ஆஃபரில் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கம்பெனி சிம் தவிர வேறு சிம் போட்டால் போன் செத்த பிணம். சிவப்பு சிக்னலோ முதல் தளத்தைத் தாண்டிக் கீழே இறங்காது. ஃபாரத்தில் நம்பர் எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று வாங்கி வந்தாள்.

போன் கடைக்காரன் ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். "லாக் இல்லாத போன் அக்கா. எந்தக் கம்பெனி சிம் வேணாலும் போடலாம். டப்பா நசுங்கிருச்சு, அதான் பாதி விலை."

"டப்பா மட்டும்தான் நசுங்குச்சா?"

"ஆமாக்கா."

"தரைக்குக் கீழ மூணு மாடி. அங்க எந்த சிம் எடுக்கும்?"

"அங்க யாரு அக்கா போன் பேசுவா?"

"நான்தான். மனுஷியாத் தெரியலையா?"

வீட்டில் புருஷன் அதற்கு மேல். "இருக்கிற போன்ல உனக்கு யாரு பேசுறா, இன்னொண்ணு கேக்குது?"

"யாரும் பேச முடியலன்னுதான் வாங்குறேன்" என்றாள்.

யாரை நம்புவது? தானே கணக்கெடுத்துவிடலாம் என்று இறங்கினாள். கூண்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் டோக்கனை நீட்டிக்கொண்டே கேட்பாள்: "சார், உங்க போன்ல இங்க எத்தனை கோடு காட்டுது? என்ன சிம்?" வெளியே போகிறவர்களிடம் கேட்கவில்லை. அவர்கள் கட்டணத்தைப் பார்த்து மூஞ்சியைத் தொங்கப் போட்டிருப்பார்கள், வாயைக் கொடுத்தால் சண்டைதான் மிஞ்சும். உள்ளே வருகிறவர்கள் நல்ல முகமாகப் போனைத் திருப்பிக் காட்டினார்கள். நான்கு நாள், அறுபத்து மூன்று பேர். டோக்கன் அட்டையின் பின்பக்கம் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கோடு கிழித்துக்கொண்டாள். சிவப்பு பூஜ்யம். நீலம் எப்போதாவது ஒன்று. மஞ்சள் மட்டும் மூன்று, சமயத்தில் நான்கு.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நசுங்கிய டப்பாப் போனை வாங்கினாள், மஞ்சள் சிம் போட்டாள், ஃபாரத்தில் புது நம்பரை எழுதி, வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கெஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை போனைக் கையில் பிடித்தபடியே சரிவில் இறங்கினாள். மூன்று கோடு. கூண்டுக்குள் உட்கார்ந்தாள். மூன்று கோடு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதல் காருக்கு டோக்கன் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை.

போனைத் தட்டினாள், அணைத்துப் போட்டாள், சிம்மைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டினாள். ஒன்றுமில்லை. அப்புறம்தான் உறைத்தது. சிவப்பும் நீலமும் இறங்கியதுமே விட்டுவிடும், மஞ்சள் மட்டும் மேலே பார்த்த கோட்டையே கீழேயும் கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வந்த மஞ்சள்காரர்கள் அத்தனை பேரும் அவளுக்குக் காட்டியது தெருவில் இருந்த சிக்னலை. கீழே இரண்டு மணி நேரம் கிடந்துவிட்டுப் போகிற மூஞ்சித் தொங்கல்களைக் கேட்டிருந்தால் முதல் ஆளே சொல்லியிருப்பான்.

"கேக்குற வாசல்ல கேக்காம, நல்ல மூஞ்சியப் பாத்துக் கேட்டேன் பாரு" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஃபாரம் போயாயிற்று. நம்பரை மாற்ற அங்கே போகவேண்டும். போக மறுபடி லீவு வேண்டும்.

பதினைந்து நிமிஷச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துச் சரிவுப் பக்கம் நடந்தாள். சரிவின் வளைவில், தீயணைக்கும் மணல் வாளி தொங்குகிற இடத்தில் இரண்டு கோடு வந்தது. கூண்டிலிருந்து இருபத்திரண்டு அடி. சத்தத்தை முழுசாகக் கூட்டி, போனை வாளி மணலில் செருகி வைத்தாள். அடித்தால் கட்டையைத் தூக்கி விட்டுவிட்டு ஓடுவது. காசு கட்டாமல் போகிறவன் போகட்டும், தலைக்கு வந்ததைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வளைவில் கார் துடைக்கிறவன் ஒருவன் உண்டு. அவன் பேசினால் மூன்று தளத்துக்கும் கேட்கும், அதனால் பெயர் மைக்செட். "என் போன் வாளியில இருக்கு. அதுமேல தண்ணி கிண்ணி பட்டுச்சு, உன்னத் துடைச்சிருவேன்" என்று சொல்லி வைத்தாள்.

திங்கள் அடிக்கவில்லை. செவ்வாய் மூன்று மணிக்கு அடித்தது.

அந்த நேரம் பார்த்து டோக்கனைத் தொலைத்த ஒருவன் வெளியேறும் பக்கம் நின்று தகராறு செய்துகொண்டிருந்தான். பின்னால் ஏழு கார். அவள் கட்டையைத் தூக்கினாள். "முதல்ல பதில் சொல்லு, அபராதம் எதுக்கு?" என்று அவன் நகரவில்லை. கூண்டுக் கதவைத் தள்ளினாள். ஒரு சாண் திறந்து அவன் காரில் இடித்து நின்றது. அவ்வளவு ஒட்டி நிறுத்தியிருந்தான். மணி நின்றது.

மறுபடி அடித்தது. இது இரண்டாவது.

"மைக்செட்டு! எடுடா அத!"

எடுத்தான். "அலோ! அக்கா கூண்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க! கேளுங்க, நான் கேட்டுச் சொல்றேன்!" பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "அக்கா, வயசு கேக்குறாங்க!"

"நாப்பத்தி மூணு!"

"படிப்பு?"

"எட்டு!"

"ஃபாரத்துல பத்துன்னு எழுதியிருக்காம்!"

ஏழு காரிலும் கண்ணாடி இறங்கியது. "பத்து வரைக்கும் போனேன், பரீட்சை எழுதலன்னு சொல்லு!"

இதற்குள் சுவர் இன்டர்காம் கத்தியது. கேமராவில் வரிசையைப் பார்த்துவிட்ட சூப்பர்வைசர்தான். அவள் ரிசீவரை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"அக்கா! இப்ப இருக்கிற வேலைய ஏன் விடுறீங்கன்னு கேக்குறாங்க!"

ரிசீவருக்குள் சத்தம் நின்றுபோனது. சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"பதினோரு வருஷமா மழையா வெயிலான்னு கார் டயரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்னு சொல்லு!"

மைக்செட் ஒரு சொல் விடாமல் சொன்னான். போனைக் காதில் அழுத்திப் பதிலைக் கேட்டுக்கொண்டான். "வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேர்ல வரணுமாம். வேலை தரேன்னு சொல்லல. வருவீங்களான்னு கேக்குறாங்க!"

மேஜைமேல் கிடந்த ரிசீவர் மெதுவாகப் பேசியது. "வியாழக்கிழமை லீவு கெடையாது."

அவள் கதவைப் பார்த்தாள். ஒரு சாண்.

"வரேன்னு சொல்லு!"

"சரிம்மா, இந்தா பிடி" என்று டோக்கன் தொலைத்தவன் அபராதத்தை நீட்டினான். அவன் கார் நகர்ந்ததும் கதவு தானாகவே அகலத் திறந்துகொண்டது. வெளியே போக இனி எங்கே நேரம்? அடுத்த கார் வந்து ஜன்னலில் நின்றுவிட்டது. உள்ளே வரும் பக்கமும் ஒருவன் ஹாரன் அடித்தான். டோக்கனை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அவன் கார் டயர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் குடை கொண்டுவரவில்லை.