மஞ்சள் பட்ட சதுரக் காசு

பிரிக்பீல்ட்ஸில் பழைய காசு பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை விஜயனிடம்தான் போவார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பூக்கடைக்குப் பக்கத்து அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னாலுள்ள கூரை போட்ட நடைபாதையில், சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். காசைக் கையில் வாங்கமாட்டார். விரிப்பின் மேல் வைக்கச் சொல்வார். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, முதலில் நிறம், பிறகு காசில் பொறித்த ராஜாவின் காது, கடைசியாகத்தான் வருடம். காது தேயவில்லை என்றால் அதிகம் புழங்காத காசு. புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருபவர்களிடம், "குளிப்பாட்டிட்டீங்களா? அப்ப வெல போச்சு லா," என்பார்.

அவர் காசு சேர்க்கும் ஆல்பத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1926 சதுரக் காசுக்கான இடம். தேய்ந்தவை எத்தனையோ வந்தன, அவர் வைக்கவில்லை. அவருடைய அப்பா சட்டைப் பையில் வைத்திருந்ததைப் போல, செம்பின் சிவப்பு போகாத ஒன்று வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் தண்டவாளத்தில் காசு வைத்து, கூட்ஸ் வண்டி போனதும் சுடச்சுட எடுத்து விளையாடிய காலத்தில், சிறுவன் விஜயன் எடுத்துப்போய் வைத்த அந்தக் காசும் தகடாகிப் போனது. அப்பா திட்டவில்லை. "இப்பதான் ராஜா சிரிச்ச மாதிரி இருக்காரு," என்றார்.

போன மாதம் கிள்ளானிலிருந்து லோகேஸ்வரி என்றொரு பெண்மணி வந்தார். அறுபது வயதிருக்கும். அம்மா இறந்தபின் அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததென்று ஒரு காசை விரிப்பில் வைத்தார். 1926. காது அப்படியே இருந்தது. சிவப்பும் இருந்தது. விஜயன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னா வெச்சிக்குங்க அண்ணே. எனக்கு எதுக்கு இது?"

அவர் காசைத் திருப்பினார். பின்பக்கம் மஞ்சள் கறை. கறையில் துணியின் இழை பதிந்திருந்தது.

"எதுல சுத்தி இருந்துச்சும்மா?"

"மஞ்சத் துணியில முடிச்சு போட்டு. துணி இத்துப்போச்சு, வீசிட்டேன்."

அது என்ன காசென்று விஜயனுக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் விட்டால் கட்டம் நிறைந்துவிடும்.

"சின்ன வயசுல ஒங்களுக்குப் பெரிய காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"பொழைக்க மாட்டேன்னே சொல்லிட்டாங்களாம். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்கம்மா முருகனுக்கு முடிஞ்சு வெச்ச காசு இது. பத்துமலைக்குப் போகவேண்டியது. என்னமோ, போகாம நின்னுபோச்சு."

"செல்லாத காசையா சாமிக்கு முடிவாங்க?"

"வீட்டுல இருந்ததுலயே நல்லதா பாத்து எடுத்திருக்காங்க."

லோகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உண்டியல்ல வேற காசு போட்டுக்கலாம்ணே. இத நீங்களே வெச்சிக்குங்க. ஆசையா பாக்குறீங்க."

"பாக்குறதுதானே என் வேல," என்றார் விஜயன். "முடிஞ்ச காசுதாம்மா போகணும்."

பூக்கடையில் மஞ்சள் துணி கேட்டு வாங்கி, கடைசியாக ஒருமுறை ராஜாவின் காதைப் பார்த்துவிட்டு, அவரே முடிந்து கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்துமலைக்கு அவரையும் கூப்பிட்டுப் போனார் லோகேஸ்வரி. முடிச்சு உண்டியலுக்குள் நழுவியதும் விஜயன் காதைச் சாய்த்துக் கேட்டார். உள்ளே நோட்டுகள் நிறைந்திருக்க வேண்டும். சத்தமே வரவில்லை.