பெயிண்டுக்கு அடியில் ஒரு செதில்

புன்னைக்காயல் கடற்கரையில் ஃபிளோராவின் ஜீப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய வண்டி. மினி லாரிகள் புதைந்து நிற்கிற மணலில் அது மட்டும் மீன்கூடைகளையும் மீன்காரிகளையும் சுமந்துகொண்டு ஊர்ந்து வெளியே வந்து, ஆத்தூர்ச் சந்தைக்குப் போகும். ஓட்டுவது ஃபிளோராதான். புருஷன் சிலுவை கப்பலுக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். வீடும் ஜீப்பும் அவள் தலையில்.

அழுகின மீனை வெறுங்கையால் அள்ளிக் கொட்டுகிறவள் அவள். குடல், ஈ, நாற்றம், எதற்கும் மூக்கைப் பொத்தமாட்டாள். அவளுக்குச் சகிக்காத ஒன்று உண்டென்றால் அது பூசி மெழுகுகிற வேலை.

உப்புத்தண்ணீர் ஜீப்பைக் கீழேயிருந்து தின்னும். முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைத்தான் முதலில் பிடிக்கும். இடுக்குகளில் மணலும் செதிலும் போய் உட்கார்ந்து, ஈரம் நின்று, துரு ஏறும். அதனால் சனிக்கிழமைதோறும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, கிரீஸ் வைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவாள். அப்படியும் போன மழைக்காலத்தில் இடதுபக்கம், பாரம் முழுவதையும் தாங்குகிற மெயின் பட்டையில் கீறல் விழுந்துவிட்டது. அது முறிந்தால் அச்சு விலகும், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கவிழும்.

திருநெல்வேலிக்குப் போய்க் கனம் கூடின புதுப் பட்டைகளைத் தானே பார்த்து வாங்கி வந்தாள். மாட்டுகிற வேலையைத் தம்பி பெனிட்டோவிடம் விட்டாள். படகு என்ஜின் பார்க்கிறவன், கைவேலை தெரிந்தவன். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வேறு.

ஜீப் திரும்பி வந்தபோது பட்டைகள் கறுகறுவென்று மின்னின. உப்புக்காற்றுக்குப் பயந்து பெயிண்ட் அடித்திருப்பதாகச் சொன்னான். தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டதே என்று இவள் பூரித்துப்போய்க் கோழி அடித்துச் சோறு போட்டாள்.

கொஞ்ச நாளில் வண்டி கீச்சிட்டது. ஸ்டியரிங் இடதுபக்கம் இழுத்தது. அந்தச் சனிக்கிழமை ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். பெயிண்டில் ஒரு கொப்புளம். நகத்தால் சுரண்டினாள். கையோடு வந்தது கொடுவா மீனின் செதில். கடையிலிருந்து வந்த புதுப் பட்டைக்கும் கொடுவா மீனுக்கும் என்ன சம்பந்தம்? கத்தியை எடுத்து மேலும் சுரண்டினாள். துரு, அதற்கடியில் அதே பழைய கீறல். அதில் படகு ஓட்டையை அடைக்கிற பசையைத் திணித்து மேலே பூசியிருந்தது. எழுந்து போய் வேலியோரம் வாந்தி எடுத்தாள்.

பெனிட்டோ முதலில் கடைக்காரன்மேல் பழியைப் போட்டான். செதிலைக் காட்டியதும் கக்கிவிட்டான். அவன் பெண்டாட்டி மரியம்மாளின் அண்ணன் டார்லினிடம் ஒரு ஜீப் இருந்தது. தேரியின் செம்மணல் மேட்டில் ஏற்றி வீடியோ எடுத்துப் போடுவதற்கென்றே வாங்கியது. அதற்குத்தான் அந்தப் புதுப் பட்டைகளை மச்சான் ஆசைப்பட்டுக் கேட்டாராம், இவனால் தட்ட முடியவில்லையாம்.

“பழசும் தாங்கும்க்கா. ஒண்ணும் ஆவாது” என்றான்.

அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது அவளுக்கு. தன்னை ஏமாற்றியதைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கீறலுக்கு நேர் மேலே, முன்சீட்டில், மீன்கூடையோடு தினமும் உட்கார்ந்து போகிறவள் மரியம்மாள்.

திங்கட்கிழமை காலையில் கரையில் ஜீப் நின்றது. மீன்காரிகள் பின்னால் ஏறியிருந்தார்கள். ஃபிளோரா சாவியைத் திருகவில்லை. எப்போதும்போல் மரியம்மாளின் கூடையைத் தூக்கிக் கொடுக்கத் தம்பி வந்ததும் சொன்னாள்:

“ஏலே, ஒண்ணும் ஆவாதுன்னியே. இன்னைக்கு ஒம் பொண்டாட்டி எடத்துல நீ ஏறு. பாலத்து இறக்கத்துல எப்பவும் போற வேகத்துலயே போறேன்.”

அவன் கம்பியைப் பிடித்தான். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டு, படகில் வேலை கிடப்பதாக முனகினான்.

“மயினி, என்ன விசயம்?” என்றாள் மரியம்மாள்.

ஃபிளோரா எல்லாரும் கேட்கச் சொன்னாள். பட்டை, பசை, பெயிண்ட், டார்லினின் வண்டி, ஒன்றையும் விடவில்லை. பின்னாலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். மரியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“சனிக்கெழம காலையிலயும் கூடையத் தூக்கி எம்மடியில வச்சது நீங்கதானே?”

கூடையை வாங்கக் கை நீட்டியவனை விலக்கிவிட்டு, அவளே அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.